அம்மாசியின் ஐந்து ஓவர்

கரியாலூர்
3.2.1997

சிகாமணி,

நலம் விசாரிக்கிற நிலையில் நம் கிளப் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான்கு ஆட்டம், ஒரு வெற்றி, இரண்டு பாயிண்ட். எட்டு அணியில் ஏழாவது இடம். கடைசி இரண்டு அணிகள் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியாக வேண்டும். செயலாளரான உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் காகிதத்தில் எழுதிப் பார்க்கிறேன். பெண்ணையாறு கிரிக்கெட் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற ஆறு வருடம் ஆனது. இறங்க மூன்றே ஞாயிற்றுக்கிழமை போதும் போலிருக்கிறது.

இந்த மலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடமாகிறது. கிரிக்கெட் பேச இங்கே ஒருவரும் இல்லை. போனும் இல்லை. நீ அனுப்பும் ஸ்கோர் கார்டைத்தான் நான்கு நாள் வைத்துப் படிக்கிறேன். தலைமையாசிரியர் அதைப் பார்த்து ஏதோ லாட்டரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதினாறாம் தேதி களமருதூரில் ஆட்டம். அவர்கள் நமக்கு ஒரு பாயிண்ட்தான் மேலே. டிசம்பர் மழையில் அவர்களுடைய ஒரு ஆட்டம் நின்றுபோனதே, அதில் கிடைத்த பாயிண்ட். அங்கே ஜெயித்தால் நாம் தப்பித்த மாதிரி. எனவே கவனமாகக் கேள். களமருதூர்க்காரர்கள் பிட்சில் விரிக்கும் தேங்காய்நார் மேட்டை நான்கு பேர் சேர்ந்து விறைக்க விறைக்க இழுத்து ஆணி அடிப்பார்கள். விறைப்பான மேட்டில் பந்து எகிறும், திரும்பாது. அங்கே அம்மாசியை முதல் பதினைந்து ஓவருக்குள் கொண்டுவராதே. என் கூடப் பிறந்த தம்பி என்பதற்காக இதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். சுழல்பந்துக்கு அது இடமில்லை. ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாக இருந்தாலும் தப்பில்லை என்றுகூடத் தோன்றுகிறது. இருசப்பனை மூன்றாவதாக இறக்கு. நம் ஊரில் நடக்கும் கடைசி இரண்டு ஆட்டத்துக்கு மேட்டைத் தளர்வாக அடித்து அம்மாசியிடம் பந்தைக் கொடு. மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

இன்னொன்று. கடலூர்ப் பக்கத்து கம்பெனி ஒன்று தன் அணிக்கு ஆள் எடுக்கிறது, நிரந்தர வேலையோடு. இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே விளையாடுகிறவனை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மாசிக்கு இருபத்திரண்டு ஆகிறது. கரும்பு வெட்டும் கையை விட்டால் அவனுக்கு இருப்பது அந்த இடது கைச் சுழல் ஒன்றுதான். நாம் இறங்கினால் அவன் கதை முடிந்தது. எனக்குக் கிளப்பைப் பற்றியும் கவலை, அவனைப் பற்றியும் கவலை. எது ஜாஸ்தி என்று கேட்காதே.

காசிநாதன்


மணலூர்பேட்டை
10.2.1997

காசி,

மலையில் குளிர் என்கிறார்கள். இங்கே பாயிண்ட் பட்டியலைப் பார்த்தே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

உன் கடிதத்தைப் பயிற்சியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நம் கேப்டன் ராமசாமிக்கு மூக்கின் மேல் கோபம். "வாத்தியாரு மலை மேல குந்திக்கினு இங்க ஃபீல்டிங் வெக்கிறாரா? கீழ எறங்கி வந்து ரெண்டு கேட்ச் புடிக்கச் சொல்லு" என்றான். சொன்னானே தவிர, கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தான்.

இருசப்பன் விஷயத்தில் நானும் உன்னோடு ஒத்துப்போகவில்லை. அவன் பத்து ரன் எடுக்க எட்டு ஓவர் எடுத்துக்கொள்வான். முப்பத்தைந்து ஓவர் ஆட்டத்தில் அது கட்டுபடியாகுமா? ராசுவை இறக்கினால் அவுட்டானாலும் சீக்கிரம் அவுட்டாவான். சிரிக்காதே, அதுவும் ஒரு யோசனைதான்.

மேட்டைப் பற்றி நீ எழுதியது முழுக்கச் சரி. போன வருடம் களமருதூரில் அம்மாசிக்கு மூன்று ஓவரில் இருபத்தாறு போனது எனக்கு மறக்கவில்லை. அங்கே அவனை நம்பி இறங்க முடியாதுதான்.

வீட்டில் நிம்மதி இல்லை. கரும்பு பூத்துவிட்டது. பூத்த பிறகு நிற்கிற ஒவ்வொரு நாளும் எடை குறையும் என்று அப்பா காலையில் எழுந்ததும் ஆரம்பித்துவிடுகிறார். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். ஆர்டரில் போட்ட தேதியில் வெட்டி லாரியில் ஏற்றாவிட்டால் நம் முறை போய்விடும், பிறகு ஒரு மாதம் காத்துக் கிடக்க வேண்டும். வெட்டு ஆட்களும் இந்த வருடம் கம்மி. அம்மாசியின் கேங்கைத்தான் சொல்லி வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள், ஆர்டர் வந்தவர்கள், வராதவர்கள்.

பதினாறாம் தேதி ஆட்டம் முடிந்ததும் எழுதுகிறேன். வேண்டிக்கொள்.

தெய்வசிகாமணி


மணலூர்பேட்டை
18.2.1997

காசி,

தோற்றுவிட்டோம். சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தோம். அதுவே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. காலைப் பனியில் மேட் ஈரமாக இருந்தது. முதல் பத்து ஓவரில் நாலு விக்கெட். நான் சொன்னபடியே ராசு சீக்கிரம் அவுட்டானான். இருசப்பன் நாற்பத்தொன்று எடுத்தான், அதில் நீ ஜெயித்தாய். மொத்தம் நூற்று இருபத்தெட்டு. இன்னும் இருபது ரன் இருந்திருந்தால் கதையே வேறு. ஸ்லிப்பில் ஒரு ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். ராமசாமி நிறுத்தவில்லை. அந்த வழியாக மட்டும் அவர்கள் ஐந்து பவுண்டரி அடித்தார்கள். காற்றும் நம் பக்கம் இல்லை. அம்பயரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவர் பாவம், நேர்மையாகத்தான் நின்றார்.

நீ எதிர்பார்த்துக்கொண்டிருப்பாய் என்று அவர்கள் இன்னிங்ஸில் நம் பந்துவீச்சைப் பிரதி எடுத்திருக்கிறேன்:

ராமசாமி 7 ஓவர், 29 ரன், 2 விக்கெட்.
ராசு 7 ஓவர், 25 ரன், 1 விக்கெட்.
இருசப்பன் 7 ஓவர், 32 ரன், 2 விக்கெட்.
தங்கதுரை 7 ஓவர், 30 ரன், 1 விக்கெட்.
அம்மாசி 5 ஓவர், 14 ரன், விக்கெட் இல்லை.
சடையன் 3 ஓவர், 9 ரன், விக்கெட் இல்லை.
உதிரி 4. மொத்தம் 31 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 129.

அம்மாசி நன்றாகத்தான் போட்டான். அந்த மேட்டில் அதற்கு மேல் யாராலும் முடியாது.

இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது, இரண்டும் நம் ஊரில். மனதைத் தளரவிடாதே. எங்கள் கரும்பு வெட்டி முடிந்தது. அப்பா கொஞ்சம் சிரிக்கிறார்.

தெய்வசிகாமணி


கரியாலூர்
24.2.1997

சிகாமணி,

உன் கார்டு வந்து மூன்று நாள் ஆகிறது. தோற்றதற்கு முதல் நாள் வருத்தப்பட்டேன். இரண்டாம் நாள் கூட்டிப் பார்த்தேன். நான் வாத்தியார், கையில் கணக்கு கிடைத்தால் கூட்டாமல் இருக்க முடியாது.

ஏழு, ஏழு, ஏழு, ஏழு, ஐந்து, மூன்று. முப்பத்தாறு ஓவர். நீ கீழே எழுதியிருப்பது முப்பத்தொன்று. லீக் ஆட்டமே முப்பத்தைந்து ஓவர்தான். சரி, கை தவறியிருக்கும் என்று ரன்னைக் கூட்டினேன். நூற்று நாற்பத்து மூன்று. நீ எழுதியது நூற்று இருபத்தொன்பது. பதினான்கு ரன் அதிகம். ஐந்து ஓவர் அதிகம், பதினான்கு ரன் அதிகம். அம்மாசியின் வரியை விரலால் மறைத்துக்கொண்டு கூட்டினால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

பதினோரு வருடமாக நீ ஸ்கோர் எழுதுகிறாய். உன் புத்தகத்தில் ஒருமுறைகூடக் கூட்டல் பிசகியதில்லை. எதிரணிக்காரன்கூட தன் ஸ்கோரரை விட்டுவிட்டு உன் புத்தகத்தைப் பார்த்துத்தான் மொத்தம் கேட்பான்.

அம்மாசி அன்றைக்கு விளையாடவில்லை, அப்படித்தானே? அணியில் எடுக்காமல் விட்டிருந்தால் நீ வெளிப்படையாக எழுதியிருப்பாய். நானேதான் கூடுதல் பேட்ஸ்மேன் வை என்று யோசனை சொன்னேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லை என்றாலும் எழுதியிருப்பாய். அவனுக்கு ஐந்து ஓவர் போட்டு, அதில் நன்றாகவும் போட்டான் என்று பாராட்டும் எழுதியிருக்கிறாய். ஏன்?

பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். எனக்குப் பதில் எழுது. ஸ்லிப்பைப் பற்றியும் காற்றைப் பற்றியும் வேண்டாம்.

காசிநாதன்


மணலூர்பேட்டை
4.3.1997

காசி,

உன் கூட்டல் சரி.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் மூடி வைத்திருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி கட்டிங் ஆர்டர் வந்தது. வெட்ட வேண்டிய தேதி பதினாறு, ஞாயிறு. கேங்கில் மூன்று பேர் சங்கராபுரம் பக்கம் போய்விட்டார்கள். அம்மாசி இல்லாமல் ஒரே நாளில் அந்த ஒன்றரை ஏக்கரை முடிக்க முடியாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். அவன் ஒருவன் இரண்டு ஆள் வேலை செய்வான், உனக்குத் தெரியும். அப்பா என்னைக் கூப்பிட்டு, "பந்து போட ஊர்ல வேற ஆளே இல்லியா? பதினோரு பேர்ல ஒருத்தன் கம்மியானா இன்னா கொள்ள போவுது?" என்றார். நான் கிளம்பி வெளியே வந்துவிட்டேன். பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. களமருதூரில் அவன் பந்து திரும்பாது, கூடுதல் பேட்ஸ்மேன் இருந்தாலும் தப்பில்லை. நீயே எழுதியிருக்கிறாய், சொந்த அண்ணனே எழுதியிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அம்மாசி வாசலில் பூட்ஸுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தான். அவனிடம், களமருதூரில் மைதானம் தண்ணீர் பாய்ந்து கெட்டுவிட்டதாம், ஆட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். கரும்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, காசி. அவனே சொன்னான். "அப்டின்னா நாளைக்கி உங்க கொல்லைக்கி வந்துர்றேங்க. மேஸ்திரி ஆளு பத்தலன்னு பொலம்பிக்கினு இருந்தாரு."

அணியிடம் அம்மாசிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மறுநாள் ஆட்டம் நடந்தது ஊருக்கே தெரிந்துபோனது. திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தவனிடம், ஆட்டம் உண்டு என்று காலையில்தான் சேதி வந்தது, உன்னைக் கூப்பிட நேரமில்லை என்றேன். "சரிங்கண்ணா" என்றான். பந்தை வாங்கிக்கொண்டு போய்ப் போட ஆரம்பித்தான்.

உனக்கு எழுதும்போது அவன் பெயர் இல்லாத கார்டை அனுப்ப எனக்குத் துணிவில்லை. அவனுக்கு ஐந்து ஓவர் எழுதினேன். அந்த ஐந்தை வேறு யார் கணக்கிலிருந்தாவது எடுத்திருந்தால் நீ கண்டுபிடித்திருக்க மாட்டாய். மற்றவன் போட்ட ஓவரை அழிக்க என் கை வரவில்லை. பார், எனக்கும் ஒரு நேர்மை இருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தெய்வசிகாமணி


கரியாலூர்
11.3.1997

சிகாமணி,

திட்டலாம் என்று உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது.

"அம்மாசி, ஆள் இல்லை, ஆட்டத்தை விட்டுவிட்டு வெட்ட வா" என்று நீ கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் புரிந்திருக்கும். உங்கள் வீட்டுக் கரும்பு, உங்கள் வீட்டு அவசரம். நீ ஏன் கேட்கவில்லை என்றும் எனக்குத் தெரிகிறது. அவன் முடியாது என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாய். எங்கள் காலனிப் பையன் உன் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதைக் கேட்க உனக்குத் தைரியம் இல்லை. அவனுக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லும் வாய்ப்பைக்கூட நீ கொடுக்கவில்லை. மைதானத்தில் உன்னை அண்ணா என்கிறான், உன் கொல்லையில் சின்னவரே என்கிறான். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு இடத்தில் அவன் வெறும் அம்மாசியாக நிற்க வேண்டாமா?

என் கடிதத்தைச் சாக்காகப் பிடித்தேன் என்கிறாய். அது எனக்கு உறைக்கிறது. பெரிய மேதாவி மாதிரி மேட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அவன் சும்மா நின்றாலும் அந்த மைதானத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் பங்கை நான் தட்டிக்கழிக்கவில்லை.

நான் அவனிடம் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும். காலையில் சேதி வந்தது, நேரமில்லை என்று இரண்டாவதாக ஒரு பொய் சொன்னாயே, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் கத்தினால் கேட்டுக்கொள்.

ஒன்பதாம் தேதி சங்கராபுரத்தோடு ஆட்டம் என்ன ஆயிற்று என்று இன்னும் தெரியவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன் என்பதுதான் வெட்கக்கேடு. முப்பதாம் தேதி கடைசி ஆட்டத்துக்குக் கம்பெனி ஆள் வருகிறார் என்று கேள்வி. மேட்டைத் தளர்வாக அடி. நீயே பக்கத்தில் நின்று அடி.

காசிநாதன்


மணலூர்பேட்டை
1.4.1997

காசி,

சங்கராபுரத்தை ஜெயித்தோம், அம்மாசிக்கு நாலு விக்கெட். அது பழைய செய்தி. கடைசி ஆட்டத்தைச் சொல்கிறேன்.

ஆணியை நானே அடித்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு விரல் அளவு விட்டு அடித்தேன். ராமசாமி என்னைப் பார்த்து, "இன்னாடா, துணி காயப்போடறியா?" என்றான். ஆனால் இந்த முறை உன் பேச்சைத்தான் கேட்டான். பத்தாவது ஓவரிலேயே ஆற்றுப் பக்கத்திலிருந்து அம்மாசியைக் கொண்டுவந்தான். ஷார்ட் லெக்கில் சடையன், ஸ்லிப்பில் ராசு. ஏழு ஓவர், இருபத்திரண்டு ரன், ஆறு விக்கெட். சின்னசேலம் தொண்ணூற்றேழுக்குச் சுருண்டது. இந்தக் கார்டை நீ எப்படிக் கூட்டினாலும் பொருந்தும். நாலு விக்கெட் கைவசம் இருக்க ஜெயித்தோம்.

பிறகு காத்திருந்தோம். நமக்கு ஆறு பாயிண்ட் ஆகிவிட்டது. களமருதூருக்கு ஐந்து இருந்தது, அவர்களும் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தோற்றால் நாம் தப்பித்தோம். பஸ் ஸ்டாண்டு டெலிபோன் பூத்தில் பதினைந்து பேர் நின்றோம். ஐந்தரைக்குப் போன் வந்தது. ராமசாமி எடுத்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இரண்டு விக்கெட்டில் ஜெயித்துவிட்டார்கள். அவர்களுக்கு ஏழு, நமக்கு ஆறு.

இறங்கிவிட்டோம், காசி.

ராசு அழுதான். ராமசாமி பேட்டைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்துபோய்விட்டான். பதினாறாம் தேதி ஜெயித்திருந்தால் நமக்கு எட்டு, அவர்களுக்கு ஐந்து. இந்தக் கணக்கை யாரும் என் முன்னால் போடவில்லை. அம்மாசிக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றுதான் அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாசி பக்கத்தில்தான் நின்றான். அந்தக் காய்ச்சலை அவனும் இதுவரை மறுக்கவில்லை.

கம்பெனி ஆள் வந்திருந்தார். அம்மாசி பெயரைக் குறித்துக்கொண்டார். ஆனால் ஜூலையில்தான் ஆள் எடுப்பார்களாம், அப்போது இரண்டாம் டிவிஷன் கிளப்பில் பதிவு இருக்க வேண்டுமாம்.

அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் சொன்னால் மனம் உடைந்துவிடுவான் என்று தள்ளிப்போட்டேன். இப்போது எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அவன் நம்மோடு இருந்தால் ஒரே வருடத்தில் மேலே ஏறிவிடலாம். கம்பெனி அடுத்த வருடமும் ஆள் எடுக்காதா? நீ ஒரு வார்த்தை சொன்னால் அவன் இருப்பான்.

தெய்வசிகாமணி


கரியாலூர்
7.4.1997

சிகாமணி,

சொல்ல மாட்டேன்.

ஆறு விக்கெட் எடுத்தான் என்று படித்ததும் வகுப்பில் எழுந்து நின்றுவிட்டேன். பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள், இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று. அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். நம் கிளப் இறங்கியது எனக்கு ஒரு சாவு மாதிரிதான் இருக்கிறது. அந்த மைதானத்தில் முள் வெட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கிளப்பைத் தூக்கி நிறுத்த அம்மாசி இன்னொரு வருடம் கரும்பு வெட்ட வேண்டும் என்று கேட்கிறாயே, உனக்கு எப்படி மனம் வந்தது? அடுத்த வருடம் அவனுக்கு இருபத்து மூன்று. கம்பெனிக்கு வேறு ஒரு இருபது வயதுப் பையன் கிடைப்பான்.

களமருதூர் கேப்டன் அவனைத் தன் அணிக்குக் கேட்டிருக்கிறார், அவர்கள் இரண்டாம் டிவிஷனிலேயே இருக்கிறார்கள். அம்மாசி எனக்கு நாலு வரி எழுதியிருக்கிறான். போகிறேன் என்றும் எழுதவில்லை, போகவில்லை என்றும் எழுதவில்லை. சிகாமணி அண்ணன் கையெழுத்துப் போடுவாரா என்று மட்டும் கேட்டிருக்கிறான். நம் கிளப் விடுவிப்புக் கடிதம் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற விதி உனக்குத் தெரியும். ஏப்ரல் முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

அவன் படிவத்தோடு வருவான். கையெழுத்துப் போடு. அதற்கு முன்னால் உண்மையைச் சொல். இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட்டால் உனக்கும் லேசாகிவிடும்.

காசிநாதன்


மணலூர்பேட்டை
15.4.1997

காசி,

நேற்று சித்திரை ஒன்று. காலையில் அம்மாசி படிவத்தோடு வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். உள்ளே வாடா என்றேன். கூடத்தில் அப்பா இருந்தார். "இங்கயே இருக்கேங்க" என்று வாசலிலேயே நின்றான்.

என் வண்டி சீட்டில் வைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ராமசாமி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான், பரவாயில்லை. நீ கேட்ட ஒன்றை முடித்துவிட்டேன்.

இன்னொன்றைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"அண்ணா, அன்னிக்கி களமருதூரு மேட்சுக்கு வேன் எங்க வழியாத்தானே போச்சு?"

உனக்கு நான் இதை எழுதவில்லை, காசி. எல்லாவற்றையும் எழுதியபோதும் இதை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் கொல்லை ரோட்டோரம். அன்றைக்குக் காலை ஏழரைக்கு வேன் அதைத் தாண்டித்தான் போனது. வேறு வழியாகப் போகச் சொல்லலாம் என்று நினைத்தேன், டிரைவரிடம் காரணம் சொல்ல முடியவில்லை. நான் முன் சீட்டில் இருந்தேன். அம்மாசி வரப்பில் கத்தியோடு நின்றான். எங்கள் வேன் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடி வந்தான். வேன் நின்று தன்னை ஏற்றிக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறான். பின்னால் இருந்தவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை.

நேற்று அவன் கேட்டான். "நான் கைய ஆட்டிக்கினே ஓடியாந்தேன். நீங்க முன்னாலதான் குந்தினு இருந்தீங்க. பாக்கலியாங்க?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. அவனே கதவைத் திறந்துவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை, கையில் படிவம், அவ்வளவு மரியாதையாக நிற்கிறான். "இல்லடா, ஸ்கோர் புக்க பாத்துக்கினு இருந்தேன், கவனிக்கல" என்றேன்.

"அதானே" என்றான். சிரித்தான். படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான் பார்த்தேன், காசி. அவன் வரப்பில் தடுக்கி விழுந்து எழுந்ததைக்கூடப் பார்த்தேன். ஆனால் என் பொய்யை அவன் நம்பிவிட்டான், அது ஒன்றுதான் எனக்கு இப்போது ஆறுதல். அந்தச் சிரிப்போடு அவன் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நீ இதைக் கோழைத்தனம் என்பாய். சொல்லிக்கொள்.

தெய்வசிகாமணி


கரியாலூர்
22.4.1997

சிகாமணி,

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அம்மாசி இங்கே வந்தான். அதே பஸ்ஸில் உன் கடிதமும் வந்தது. படித்துவிட்டு அதை அவனிடமே கொடுத்தேன். கொடுத்தது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லப்போவதில்லை என்று மட்டும் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தான். இரண்டு பக்கமும் படித்து, மடித்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன், படவில்லை.

"பாத்தாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்ண்ணா. மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினதையும்தான் பாத்தேன்" என்றான்.

பிறகு எதற்கடா தெரியாத மாதிரி அவரிடம் போய்க் கேட்டாய் என்றேன்.

"பாத்தேன்டான்னு சொல்லிட்டார்னா, இந்த ஃபாரத்த அங்கயே கிழிச்சிப் போட்டுட்டு நம்ம கிளப்லயே இருந்துர்லாம்னு நெனச்சிக்கினு போனேன்."

நாலரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் களமருதூரில் அவனுக்குப் பயிற்சி.

காசிநாதன்